கல்லும் சொல்லும்

மரபு, முதுசொம், பாரம்பரியம் என்னும் மூன்று சொற்களும் தமிழில் மிக நெருங்கி நிற்கின்றன. மூன்றையும் ஒரே பொருளில் வழங்குவோர் பலர். கூர்ந்து நோக்கின் அவற்றிடையே வேறுபாடு புலனாகும். மரபு என்பது ஒழுகும் முறை. மக்கள் கைக்கொள்ளும் வரையில்தான் அது மரபு. முதுசொம் என்பது முன்னோர் விட்டுச் சென்ற உடைமை. அதனை நாள்தோறும் எடுத்துப் புழங்கினாலும் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அது முதுசொம்தான். பாரம்பரியம் என்னும் சொல் முன்னாளில் இவ்விரண்டையும் தழுவி நின்றது. இன்றோ அது பெரும்பாலும் சுற்றுலாத் துறையினரின் கைக்குப் போய்விட்டது. அவர்கள் அச்சொல்லைச் சொல்லும்போது பழைய சுவர்களும் வண்ண உடைகளுமே கண்முன் வருகின்றன.

பழைமை மாறாத ஒரு சிற்றூருக்குச் செல்லும் பயணி ஒருவர், "இதனை இப்படியே காக்க வேண்டும்" என்று கூறுவது இயல்பு. நல்லெண்ணத்தில் பிறக்கும் சொல்தான் அது. ஆயினும் அதில் உள்ள "வேண்டும்" என்னும் சொல் யார்மேல் கடமையைச் சுமத்துகிறது? சொன்னவர் மறுநாள் பேருந்து ஏறிப் போய்விடுவார். காக்க வேண்டியவர் அங்கேயே இருப்பார். ஒருவர் துய்ப்பதற்காக இன்னொருவர் மாறாமல் இருக்கக் கடமைப்பட்டவரா? இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது பயன் தரும். இத்தாலி நாட்டின் தென்கோடியில் அதற்கேற்ற ஊர் ஒன்று உண்டு.

கலாபிரியா மாநிலத்தில், கொசென்சா மாவட்டத்தில், பொல்லினோ மலைத்தொடரின் சரிவில் சிவிதா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் நிற்கும் அவ்வூரில் ஆயிரம் பேருக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். ஊருக்குப் பின்னே 2,267 மீட்டர் உயரமுள்ள கொடுமுடியைக் கொண்ட மலைகள். அருகே ரகனெல்லோ ஆறு பாறையைப் பிளந்து ஓடும் ஆழ்ந்த இடுக்கு. கீழே சமவெளியும் அதற்கப்பால் அயோனியக் கடலும். காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் காட்சி மட்டும் இருந்திருப்பின் இத்தாலியின் நூற்றுக்கணக்கான மலையூர்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று இத்தாலிய மொழியில். மற்றொன்று, சிஃப்தி என்பது, அவ்வூரார் தம் வீட்டில் பேசும் மொழியில். அம்மொழி இத்தாலிய மொழியன்று. அது அல்பேனிய மொழியின் ஒரு பழங்கிளை. அதனைப் பேசுவோர் தம்மை ஆர்பெரெஷ் என்று அழைத்துக்கொள்கின்றனர்.

இவர்கள் இங்கு வந்த வரலாறு சுருக்கமாகவேனும் தெரிந்திருத்தல் வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் பேரரசு பால்கன் நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வந்தது. ஸ்கந்தர்பெக் என்று வரலாறு போற்றும் அல்பேனியத் தலைவர் 1443 முதல் 1468இல் தாம் இறக்கும் வரையில், கால் நூற்றாண்டுக் காலம், அப்பேரரசை எதிர்த்து நின்றார். அவருக்குப் பின் கோட்டைகள் வீழ்ந்தன. குரூயா 1478இலும் ஷ்கோடர் 1479இலும் பணிந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தனர். கிரேக்க நாட்டின் தென்பகுதியாகிய மோரியாவில் வாழ்ந்த அல்பேனியரும் அவ்வாறே வந்தனர். அந்நாளில் தென் இத்தாலியை ஆண்டவர்கள் அவர்களைக் குடியேற விட்டதற்கு அருள் மட்டும் காரணமன்று. 1456ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் தென் இத்தாலியில் பல ஊர்கள் பாழாகிக் கிடந்தன; உழுவதற்கு ஆள் தேவைப்பட்டது. ஏதிலிகளுக்கு நிலம் தேவை. நிலத்துக்குக் கைகள் தேவை. அப்படிப் பிறந்த ஊர்கள் இன்றும் ஏறத்தாழ 50 உள்ளன. அப்ருட்சோ முதல் சிசிலி வரை ஏழு மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊராரும் மற்றோர் ஊராரும் சந்திக்கும்போது "நம் சிதறிய இரத்தம்" என்னும் பொருளில் ஒருவரை ஒருவர் குறிப்பிடும் வழக்கம் இம்மக்களிடையே உண்டு.

சிவிதாவுக்கு வரும் பயணி முதலில் காண்பவை வீடுகள். சில வீடுகளின் முகப்பு மனித முகம் போலவே தோன்றும். இரண்டு சிறிய சாளரங்கள் கண்களாகவும், நடுவே சுவரோடு ஒட்டி எழும் புகைபோக்கி மூக்காகவும், வாயில் வாயாகவும் அமைந்திருக்கும். அல்பேனியாவில் பிறந்து மிலானில் வாழ்ந்த ஓவியர் இப்ராகிம் கோத்ராவின் பெயரால் இவற்றைக் கோத்ரா வீடுகள் என்கின்றனர். புகைபோக்கிகளோ ஒன்றைப்போல் ஒன்று இரா. கட்டிய கொத்தனார் தம் கைவண்ணத்தை அங்கேதான் காட்டினார் போலும். அடுத்துப் பயணி காண்பது ஊர்க்கோவில். உள்ளே மக்கள் நிற்கும் பகுதிக்கும் பலிபீடத்துக்கும் இடையே திருவுருவங்கள் நிறைந்த மறைப்புச் சுவர் நிற்கும்; அது கிழக்கத்திய பைசாந்திய வழிபாட்டு முறைக்கு உரியது. இம்மக்கள் ரோமாபுரியின் தலைமையை ஏற்றவர்கள்; வழிபாட்டு முறையில் மட்டும் தாம் கொண்டுவந்ததை விடாதவர்கள். 1919ஆம் ஆண்டில் லுங்ரோ என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்களுக்கெனத் தனி மறைமாவட்டமே அமைக்கப்பட்டது. நெடுங்காலம் கிரேக்க மொழியில் நடந்த வழிபாட்டில், 1960களுக்குப் பின் அவர்களின் சொந்த மொழியும் இடம் பெற்றது. வந்து 500 ஆண்டுகள் ஆகப்போகும் வேளையில்தான் இறைவனோடு தாய்மொழியில் பேசக் கோவிலுக்குள் வழி பிறந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

பிறகு பாலம். ரகனெல்லோ இடுக்கின் குறுக்கே நிற்கும் அதனைச் சாத்தான் பாலம் என்பர். மனிதனால் கட்ட இயலாத இடத்தில் நிற்கும் பாலங்களை எல்லாம் சாத்தானின் கணக்கில் எழுதுவது ஐரோப்பிய நாட்டுப்புறத்தாரின் வழக்கம். இப்பாலம் 1998இல் இடிந்து விழுந்தது; 2005இல் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாலம் அதுதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. இடம் அதுவே, வடிவம் அதுவே, இரு கரைகளையும் இணைக்கும் பணியும் அதுவே. கல் விழுந்தால் கல்லை மறுபடியும் அடுக்கலாம். அளவு தெரிந்திருந்தால் போதும்.

சொல் அப்படிப்பட்டதன்று. ஒரு மொழி ஓர் ஊரில் விழுந்தால், அகராதியும் ஒலிப்பதிவும் இருந்தாலும், அதனை மீண்டும் நிறுத்துவது எளிதன்று. எபிரேய மொழி எழவில்லையா என்று கேட்போர் உண்டு. எழுந்தது உண்மை, ஆனால் அதன் பின்னே நூல்களை ஓதுவதை ஒருநாளும் விடாத மக்களும், பின்னர் ஓர் அரசும் இருந்தன. ஆயிரம் பேருக்கும் குறைவான ஒரு மலையூருக்கு அந்த வாய்ப்பில்லை.

இங்கேதான் பயணியின் நிலையில் ஒரு விந்தை தோன்றுகிறது. கல்லைக் காண்பதற்குப் பயணி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், கல் மாறாது. ஆனால் சொல்லைக் கேட்பதற்கு அவர் அருகில் சென்றவுடன் சொல் மறைந்துவிடுகிறது. இருமொழி வழங்கும் சிற்றூர் எங்கும் காணத்தக்க இயல்பு இது. முற்றத்தில் அமர்ந்து உரையாடும் முதியோர், வெளியார் ஒருவர் வந்து நின்றதும், அவருக்கும் விளங்க வேண்டுமே என்று பொதுமொழிக்கு மாறிக்கொள்கின்றனர். அது விருந்தோம்பும் பண்பு, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வருவோர் பெருகப் பெருக, அப்பண்பே அம்மொழிக்கு இடத்தைக் குறைத்துவிடுகிறது. எதனைப் பெருமைக்குரியது என்று கேள்விப்பட்டுப் பயணி வந்தாரோ, அதனை அவர் வருகையே வாய்மூடச் செய்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்து நகரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆர்பெரெஷ் ஊர்களின் அமைப்பில் ஜிதோனியா என்று ஒன்று உண்டு. பல வீடுகளின் வாயில்கள் ஒரு சிறு முற்றத்தை நோக்கித் திறந்திருக்கும். அம்முற்றமும் அவ்வீட்டாரும் சேர்ந்ததே ஜிதோனியா. அண்டை வீட்டார் உற்றாரினும் மேலானவர் என்பது அம்மக்களின் கொள்கை. ஒருவர் வீட்டுக் குழந்தையை மற்றவர் வளர்த்தனர். ஒருவர் வீட்டுத் துயரில் மற்றவர் சமைத்தனர். மொழி வாழ்ந்தது அந்த முற்றத்தில்தான், கோவிலில்கூட அன்று. முற்றத்தின் கற்களை இன்றும் காட்டலாம். ஆனால் சுற்றியுள்ள வீடுகள் பூட்டிக் கிடக்குமாயின், அல்லது கோடை விடுமுறைக்கு மட்டும் திறக்குமாயின், அங்கே முற்றம் இருக்கும், ஜிதோனியா இராது.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? தென் இத்தாலியின் மலையூர்கள் அனைத்துக்கும் பொதுவான காரணந்தான். நிலம் குறைவு, வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மக்கள் அமெரிக்க நாடுகளுக்குச் சென்றனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் தூரின், மிலான் போன்ற வட இத்தாலியத் தொழில் நகரங்களுக்கும் ஜெர்மனிக்கும் சென்றனர். இவ்வாறு சென்றவர்களை முதுசொத்தைக் கைவிட்டவர்கள் என்று பழிப்போர் உண்டு. அப்பழிப்பு நேர்மையானதன்று. அவ்வூரை நிறுவியவர்கள் யார்? அவர்களும் ஒருநாள் தம் ஊரையும் வயலையும் கல்லறைகளையும் விட்டுக் கப்பல் ஏறியவர்களே. புறப்பட்டுப் போதல் அம்மக்களின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அதன் முதல் ஏடே அதுதான். போனவர்கள் கல்லைச் சுமந்து செல்லவில்லை. சுமக்க இயன்றதைச் சுமந்தனர். மொழி, வழிபாடு, பாட்டு, பெண்டிரின் பொற்சரிகை உடை, மோரியாவை எண்ணி ஏங்கும் பழம்பாடல் ஒன்று. இவையே அவர்கள் மூட்டையில் இருந்தவை. ஆகவே இளைஞர் ஒருவர் ஊரை விட்டுச் செல்வது முன்னோருக்குச் செய்யும் இரண்டகம் ஆகாது. அவர் மூட்டையில் என்ன இருக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

அவ்வினாவுக்கு அந்த இளைஞர் மட்டும் விடை சொல்ல இயலாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சொத்துரிமைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். இத்தாலிய உரிமையியல் சட்டத்தின்படி, முன்னோர் சொத்து ஒருவருக்கு வந்தால் அவர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது பொருள்களைப் பட்டியலிட்ட பின், கடன்களுக்குத் தம் சொந்தப் பொருளை ஈடாக்காத வகையில் ஏற்கலாம். அறிவு முதிர்ந்த ஒருவர், எண்ணிப் பார்த்து, ஏற்பதும் விடுப்பதும் அறம். ஆனால் தாய்மொழி என்னும் சொத்து அப்படி வருவதில்லை. அது எண்ணிப் பார்க்கும் பருவத்துக்கு முன்னரே வருகிறது. அல்லது வராமலே போய்விடுகிறது. பாட்டி பேசிய மொழியைத் தாய் பேசாமல் விட்டால், குழந்தைக்காக அவரே தெரிவு செய்துவிட்டார். "வளர்ந்த பின் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்" என்பது உரிமை அளிப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது உரிமையைக் குறைப்பதாகும். பெற்றவர் பின்னர் விட்டுவிடலாம். பெறாதவர் பின்னர் அதனை ஒரு பாடமாகக் கற்கலாமேயன்றித் தாய்மொழியாகப் பெற இயலாது. இரண்டு வழிகளும் சமமல்ல. எனவே முதுசொத்தைக் காக்கும் கடமை என ஒன்று இருக்குமாயின், அது பெறுபவர்மேல் விழுவதைவிடக் கொடுப்பவர்மேலேயே முதலில் விழுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனைப் புறந்தள்ளுதல் கூடாது. மலையூர்த் தாய் ஒருவர் தம் மொழியைப் பிள்ளைக்குப் பேசாமல் விட்டது பெரும்பாலும் சோம்பலால் அன்று. பள்ளியில் பிள்ளை பின்தங்குமோ, நகரத்துப் பிள்ளைகள் நகைப்பார்களோ என்னும் அச்சத்தால்தான். அந்த அச்சத்தை உண்டாக்கியது அவரல்லர். சிறுபான்மையினரின் மொழி எதற்கும் பயன்படாத நாட்டுப்புறப் பேச்சு என்று நூறாண்டுக் காலம் சொல்லிவந்த பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அதில் பங்குண்டு. நாணச் செய்த பின், ஏன் நாணினாய் என்று கேட்பது முறையா?

அரசு தன் பங்கை உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு, தனது 6ஆம் பிரிவில், மொழிச் சிறுபான்மையினரைத் தனி விதிகளால் காப்பதாக உறுதி கூறியது. அந்த ஒரு வரியை நிறைவேற்றும் பொதுச்சட்டம் 1999இல்தான் பிறந்தது. அல்பேனியம் உட்பட 12 மொழிகளுக்கு அச்சட்டம் இடம் தந்தது. மழலையர் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் அம்மொழிகளைப் பயன்படுத்த வழி செய்தது. உறுதிக்கும் சட்டத்துக்கும் இடையே 51 ஆண்டுகள். அரசுக்கு அது ஒரு தாமதம். மொழிக்கோ அது இரண்டு தலைமுறை.

சட்டம் வந்தபின் ஆசிரியர்கள்முன் வேறொரு வினா எழுந்தது. எந்த அல்பேனியத்தைக் கற்பிப்பது? அல்பேனியாவில் 1972ஆம் ஆண்டு திரானாவில் கூடிய மாநாட்டில் பொது எழுத்துமொழி வரையறுக்கப்பட்டது. அதற்கு நூல்கள் உண்டு, இலக்கணம் உண்டு, நாடு உண்டு. ஆர்பெரெஷ் பேச்சுக்கோ ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. அது ஒட்டோமான் ஆட்சி வேரூன்றும் முன் பிரிந்து வந்ததால், அல்பேனியாவில் பின்னாளில் கலந்த துருக்கிச் சொற்கள் பெரும்பாலும் அதில் இல்லை. மாறாக இத்தாலியச் சொற்கள் மிகுதி. பொதுமொழியைக் கற்பித்தால், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசும் சொல் பாட்டிக்குப் புரிவதில்லை. தம் பேச்சு பிழையானது என்று பாட்டி எண்ணி வாயடங்கவும் கூடும். ஊர்ப்பேச்சைக் கற்பித்தால், அது அடுத்த மலையைத் தாண்டுவதில்லை. இரு சாராரும் தத்தம் பக்கம் நியாயம் பேசினர். எனினும் மொழியைக் காக்கும் பெயரால், அதனை உண்மையில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை ஊமையாக்கும் கல்வி, எத்துணைச் செம்மையானதாயினும், தன் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது என்றே கொள்ள வேண்டும். பாட்டியிடமிருந்து தொடங்கிப் பொதுமொழிக்குச் செல்லும் பாதை நீளமானது. ஆயினும் பாதை அதுதான்.

இம்மலைகளில் ஆசிரியப் பணியின் ஆற்றலுக்குச் சான்று இல்லாமல் இல்லை. ஜெரோலாமோ தெ ராதா என்பவர் 1814இல் இத்தகைய சிற்றூர் ஒன்றில் பிறந்தார். 1836இல் அவர் வெளியிட்ட மிலோசாவோ பாடல்கள் புதிய அல்பேனிய இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1883இல் இதழும் நடத்தினார், சான் தெமெத்ரியோ கொரோனே கல்லூரியில் மொழி கற்பித்தார், 1903இல் மறைந்தார். அல்பேனியாவிலேயே தாய்மொழிப் பள்ளி தொடங்க 1887 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் வழித்தோன்றல், விட்டுவந்த நாட்டுக்கு இலக்கியம் கொடுத்தார்.

மீண்டும் பயணியிடம் வருவோம். அவரை முற்றிலும் குற்றவாளியாக்குதல் தகாது. அவர் தரும் பணத்தால் உணவகம் நடக்கிறது, தங்குமிடம் நடக்கிறது, ஓரிரு இளைஞரேனும் ஊரில் தங்க முடிகிறது. அழகைத் தேடி வந்தவர்கள் தம் உயிரையே கொடுத்த துயரமும் அங்கு உண்டு. 2018 ஆகஸ்டு 20ஆம் நாள் ரகனெல்லோ இடுக்கில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் 10 பேர் மாண்டனர். ஆகவே வருவோரும் ஊரின் வரலாற்றில் சேர்ந்தவர்களே. ஆனால் பணம் கொடுத்ததனால் ஊர் தமக்காக நடிக்கக் கடமைப்பட்டது என்று எண்ணும்போதுதான் அவர் எல்லை மீறுகிறார்.

நடிப்புக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வூரின் வால்யே என்னும் விழா நன்கு காட்டுகிறது. உயிர்த்தெழுந்த ஞாயிறுக்குப் பின்வரும் செவ்வாய்க்கிழமை, பெண்டிர் பொற்சரிகை உடையணிந்து, கைக்குட்டைகளால் கை கோத்து, நீண்ட சங்கிலியாகத் தெருக்களில் ஆடிப் பாடிச் செல்வர். ஸ்கந்தர்பெக் அடைந்த வெற்றி ஒன்றை நினைவுகூர்வது அது என்பர். பார்க்க ஆயிரக்கணக்கானோர் வரலாம். அதனால் மட்டும் ஆட்டம் போலியாகிவிடாது. ஒருவரும் வராவிட்டாலும் அவர்கள் ஆடுவார்களா என்பதே உரைகல். அந்த ஆட்டத்தில் பழைய வழக்கம் ஒன்றுண்டு. சங்கிலி வளைந்து வெளியார் ஒருவரைச் சுற்றிச் சிறைப்பிடிக்கும்; அவர் குடிக்க வாங்கிக் கொடுத்தால்தான் விடுவிக்கப்படுவார். வெளியாரை வேடிக்கை பார்ப்பவராக நிற்க விடாமல் உள்ளே இழுத்து, மீட்புப் பொருள் கேட்கும் வழக்கம் அது. நுழைவுச்சீட்டு விற்பதைவிட இதில் நாகரிகம் மிகுதி.

ஆனால் அம்மக்களின் முதுசொத்துக்குக் கடுமையான தேர்வு விழா நாளில் வரவில்லை. 1991 ஆகஸ்டு 8ஆம் நாள் விலோரா என்னும் சரக்குக் கப்பல் இத்தாலியின் பாரித் துறைமுகத்தை அடைந்தது. கயிறுகளிலும் பாய்மரங்களிலும்கூடத் தொற்றிக்கொண்டு, சற்றேறக்குறைய 20,000 அல்பேனியர் அதில் வந்திருந்தனர். முன்னோர் கடந்த அதே கடல், அதே திசை. ஆனால் இம்முறை பாழூர்களில் உழுவதற்கு ஆள் தேடும் அரசர் எவரும் இல்லை. அவர்களைப் பந்தாட்ட அரங்கு ஒன்றில் அடைத்து வைத்து, பெரும்பாலோரைச் சில வாரங்களுக்குள் திருப்பி அனுப்பினர். பிற்காலத்தில் வந்து இத்தாலியில் தங்கியோருள் சிலர் ஆர்பெரெஷ் ஊர்களிலும் குடியேறினர். சிதறிய இரத்தம் என்று 500 ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்களின் வாயிலில் அந்த இரத்தமே வந்து, வேலையும் வீடும் கேட்டு நின்றது. இருவர் பேச்சும் பாதி விளங்கிற்று, பாதி விளங்கவில்லை.

அத்தகைய ஊரின் வகுப்பறை ஒன்றில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பிள்ளையின் முன்னோர் அவ்வூரின் முதல் கல்லை வைத்தவர்கள். ஆனால் அப்பிள்ளை வீட்டில் பேசுவது இத்தாலிய மொழி. மற்றப் பிள்ளையின் பெற்றோர் அண்மையில் வந்தவர்கள். அப்பிள்ளை பேசுவது அல்பேனிய மொழி, ஆனால் அவ்வூர்ப் பேச்சன்று. ஊர்ப்பாட்டு ஒன்றைக் கற்பிக்க ஆசிரியர் எழுந்து நிற்கிறார். யாரை நோக்கி அவர் முதல் அடியைப் பாடுவார்?